மைனஸ் மூன்றுக்காரி

பிப்ரவரி 4, சனி

நகைக்கடையில் கொடுத்த டைரி. ஒரு மாதமாக அரிசி டிரம் மேல் கிடந்தது. இன்றைக்குத் தூசி தட்டி எடுத்துவிட்டேன். டாக்டர் மறுபடியும் அதே பாட்டைப் பாடினார். "பேச்சைக் குறைங்கம்மா, தொண்டைக்கு ரெஸ்ட் குடுங்க." பேசாமல் இருந்தால் எனக்கு வயிறு உப்பிவிடும். அதனால் பேச வேண்டியதில் பாதியை இனிமேல் இதில் எழுதிவிடுவதாக உத்தேசம். மீதிப் பாதிக்கு அவர் இருக்கிறார்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் ரெங்கராஜ். திருச்சி சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழாக் கச்சேரியானாலும் "கீபோர்டு ரெங்கா" என்றால் தெரியும். பொன்மணி ஆர்க்கெஸ்ட்ரா. அதே ஆர்க்கெஸ்ட்ராவில் திருச்சி சுகந்தி என்று ஒருத்தி ரொம்ப வருஷம் பாடினாள். அது நான்தான். இப்போது பாடுவதில்லை. அலுத்துவிட்டது. வேனில் குலுங்கிக் குலுங்கி, கண் விழித்து, விடிந்ததும் வந்து மாவாட்டி... போதும் சாமி.

இன்றைய சங்கதி வேறு. கீழ்வீட்டு கல்யாணசுந்தரம் சாருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் மனைவி மேலே வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கு மத்தியானம்தான் கொஞ்சம் கண்ணு சொருகுது. அந்நேரம் பாத்து மேல வாசிக்கிறாங்க..."

இவர் கீபோர்டில் பயிற்சி செய்வதும் மத்தியானம்தான். "நாளையிலேருந்து ஹெட்ஃபோன் மாட்டிக்கிறேம்மா, நீங்க கவலப்படாதீங்க" என்று அவளை அனுப்பி வைத்தார். அந்த ஹெட்ஃபோனை நான்தான் வாங்கித் தரப் போகிறேன். கல்யாண நாள் வேறு வருகிறது.

பிப்ரவரி 7, செவ்வாய்

வாங்கினேன். ஒயரே இல்லாத ப்ளூடூத் ஹெட்ஃபோன், பளபளவென்று கறுப்பில். டப்பாவைப் பிரிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒரு நிமிஷத்தில் நெற்றி சுருங்கியது. கை தடுமாறியது. மேடையில் கரண்டு போனாலும் தடுமாறாத கை! நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நிறுத்தினார்.

"நல்லாருக்கு" என்றார் என்னைப் பார்த்து.

"பொய் சொல்லாதீங்க."

"இல்ல... கட்டைய அமுக்கினப்புறம் கொஞ்ச நேரங் கழிச்சு சத்தம் வருது. கை ஒரு இடத்துல இருக்கு, காது ஒரு இடத்துல இருக்கு."

அந்த நேரம் பார்த்து தர்ஷிகா ஃபோன் செய்தாள். ஆர்க்கெஸ்ட்ராவின் புதுப் பாடகி. இருபத்திரண்டு வயது. ஏதோ டிவி போட்டியில் இரண்டாவது சுற்று வரை போனவளாம். முன்பு எனக்குப் பின்னால் கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள், இப்போது முன்னால் வந்துவிட்டாள். இவர் விஷயத்தைச் சொல்ல, ஸ்பீக்கரில் அவள் சிரிப்பு வீடு முழுக்கக் கேட்டது.

"அய்யோ அண்ணா! ப்ளூடூத்ல அப்படித்தான் லேட்டாகும். பாட்டு கேக்கத்தான் அது, வாசிக்க ஒயர் வெச்சதுதான் வாங்கணும். நான் ஒண்ணு படம் அனுப்புறேன், பாருங்க."

அக்காவுக்கு இதுகூடத் தெரியாதா என்று அவள் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதுதான் எனக்கு எரிந்தது. இவ்வளவு வருஷம் மைக், ஸ்பீக்கர், ஒயர் நடுவே குடித்தனம் நடத்தியவள் நான். எனக்கு இவள் பாடம் எடுக்கிறாள்.

படமும் வந்தது. இவர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். என்னுடையதை டப்பாவுக்குள் வைத்து, பத்திரமாக, ரொம்பப் பத்திரமாக, பீரோ மேல் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 11, சனி

சிங்காரத்தோப்பில் ஒரு கடைக்குப் போனோம். நானும் வருவேன் என்று அடம்பிடித்துத்தான் போனேன். தர்ஷிகா காட்டியதை அப்படியே வாங்கிவிடக் கூடாது பாருங்கள்.

கடைக்காரர் முதலில் ஒன்றை எடுத்தார். "சார், இதுல பேஸ் கேட்டுப் பாருங்க, நெஞ்சே அதிரும்."

கடையில் இருந்த கீபோர்டில் மாட்டி வாசித்துப் பார்த்துவிட்டு இவர் கழற்றினார். "அதிர்றதெல்லாம் பாட்டு கேக்குறவங்களுக்குங்க. இதுல இடது கை ரொம்பப் பெருசாக் கேக்குது. பெருசா இருக்கேன்னு நான் மெதுவா வாசிப்பேன். மேடைக்குப் போனா இடது கையே காணாமப் போயிரும். உள்ளது உள்ளபடி கேக்கணும் எனக்கு."

இரண்டாவதை மாட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலை போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. காற்று போய் வருகிற மாதிரி இருக்கிறதாம், காது புழுங்கவில்லையாம். ஆனால் தள்ளி நின்ற எனக்கே ஒவ்வொரு சுரமும் கேட்டது.

"கல்யாணசுந்தரம் சாருக்கும் சேத்து வாசிக்கப் போறீங்களா? மூடுனதா ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க. ஒரு பொட்டு சத்தம் வெளிய வரக்கூடாது" என்றேன். எடுத்தார்கள். காதை முழுக்கக் கவ்வும் மெத்தை, கனம் குறைவு, சுருட்டை ஒயர். வாசித்தார். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சபாஷ் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அவர் கேட்டார், "ஏங்க, இதுல ஒரு பக்கத்தை மட்டும் பின்னால திருப்பி வெச்சுக்க முடியுமா?"

கடைக்காரர் வலது கிண்ணத்தைத் திருகிக் காட்டினார். தர்ஷிகா அனுப்பிய படத்திலும் இதே மாதிரி திரும்பும் காதுதான், நான் மறக்கவில்லை. இவர் அதைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"சுகந்தி, ஏதாச்சும் பேசேன்."

"என்னத்தப் பேச? வெலையக் கேட்டீங்களா?"

"ம். கேக்குது" என்று சிரித்தார். அதையே வாங்கினார். ஒயரின் முனை சின்னதாக இருக்கிறது, கீபோர்டின் ஓட்டை பெரியது. நடுவில் மாட்ட ஒரு பெரிய பின் தனியாகக் கொடுத்தார்கள்.

நான் வெளியே நிற்கும்போது பேங்கிலிருந்து ஃபோன். லோன் வேண்டுமா என்று ஒரு பெண். வேண்டாம் என்றேன். "ஓகே சார், தேங்க்யூ சார்" என்று வைத்தாள். சாராம்! காது கேளாதவளையெல்லாம் வேலைக்கு வைத்தால் இப்படித்தான்.

பிப்ரவரி 16, வியாழன்

மத்தியானம் வீடு செத்த மாதிரி கிடக்கிறது.

முன்பெல்லாம் அவர் கூடத்தில் வாசிப்பார், நான் சமையலறையில் எதையாவது நறுக்கிக்கொண்டே இருப்பேன். எந்தப் பாட்டு, எந்த ஊர்க் கச்சேரிக்கு, எந்த இடத்தில் தடுக்குகிறது எல்லாம் தெரியும். "அந்த எடத்துல இன்னொரு சுரம் வரணும்ங்க" என்று இங்கிருந்தே குரல் கொடுப்பேன். இப்போது டொக் டொக் டொக் என்று பிளாஸ்டிக் மேல் விரல் விழுகிற சத்தம் மட்டும். வாசிப்பது அவர் காதுக்குள், எனக்கு அதில் பங்கில்லை. மூடினது வேண்டும் என்று கேட்டு வாங்கியதும் நான்தான். யாரை நோவது?

கண்ணை மூடிக்கொள்கிறார். சிரிக்கிறார். அவருக்குள் யாரோ பாடிக்கொண்டிருக்கிறாள். யார் என்று எனக்குத் தெரியும். தன் குரலை ஃபோனில் பதிந்து அனுப்புகிறாள், இவர் அதைக் காதில் போட்டுக்கொண்டு கூடவே வாசிக்கிறார். என் வீட்டில், என் நாற்காலியில், என் புருஷன் காதுக்குள் அவள்!

இன்னொன்று. இடது காதில் மட்டும்தான் மாட்டுகிறார். வலது கிண்ணம் எப்போதும் காதுக்குப் பின்னால். ஏன் என்று கேட்டேன்.

"யாராச்சும் கூப்பிட்டா கேக்கணும்ல."

யாராச்சும். ஃபோன் பக்கத்திலேயே திரை மேலே தெரியக் கிடக்கிறது. வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்?

பிப்ரவரி 21, செவ்வாய்

காப்பி கொடுக்கும் சாக்கில் போய்ப் பார்த்தேன். கீபோர்டின் சின்னத் திரையில் மைனஸ் மூன்று என்று மினுங்கியது.

இதை எழுதி வைக்க வேண்டும். பாடுகிறவருக்கு ஒரு பாட்டின் உச்சம் எட்டவில்லை என்றால் கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கிச் சுருதியை இறக்கிவிடலாம். விரல் அதே கட்டைகளில்தான் ஓடும், சத்தம் மட்டும் தாழ்ந்து வரும். மைனஸ் ஒன்று என்றால் கொஞ்சம். மைனஸ் மூன்று என்றால் நிறையவே. அதை வாய்விட்டு "இறக்குங்க" என்று கேட்பது எங்கள் மேடையில் மானப் பிரச்சினை. நான் பாடிய காலம் முழுக்க ஒருநாள் கேட்டதில்லை. சளி பிடித்த அன்றைக்கும் கேட்டதில்லை.

ஆக, அம்மணிக்கு எட்டவில்லை! டிவி வரைக்கும் போன தொண்டைக்கு மூன்று படி இறக்க வேண்டியிருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாழைக்காய் வறுத்தேன். எனக்கே இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

டொக் டொக்கைக் கேட்டே பாட்டைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டேன். இன்றைக்கு அது மழைப் பாட்டு. சந்தேகமே இல்லை. முதலில் தூறல் மாதிரி நாலு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு கொட்டுவது.

பழைய படப் பாட்டு. நாங்கள் மழைப் பாட்டு என்போம். கூட்டத்திலிருந்து சீட்டு எழுதி அனுப்புவார்கள் இல்லையா, அதில் மழைப் பாட்டு என்று வந்தால் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள், மைக் நேராக என் கைக்கு வரும். அது என் பாட்டு. அதை இறக்கி வைத்து அவளுக்குப் பழக்குகிறார்.

அலுத்துவிட்டது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள், உள்ளதை எழுதினால் என்ன. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தைராய்டு ஆபரேஷன். கழுத்துத் தழும்பு இப்போது தெரிவதில்லை, அட்டிகை போட்டால் மறைந்துவிடும். ஆபரேஷன் முடிந்து முதல் கச்சேரி, மண்ணச்சநல்லூர் பக்கம். மழைப் பாட்டு கேட்டுச் சீட்டு வந்தது. பல்லவி ஒழுங்காகப் போனது. சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம். முன்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

அப்போது இவர் கீபோர்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற தர்ஷிகாவுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் அந்த வரியை அப்படியே பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். கைதட்டல்! வேனில் வரும்போது யாரும் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்றோடு சரி.

மார்ச் 2, வியாழன்

மத்தியானம் இரண்டு வேலை செய்தேன். கறிவேப்பிலை உருவினேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்தேன். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, ஊதிக்கொண்டே ம்ம்ம் என்று கீழிருந்து மேலே போக வேண்டும், மேலேயிருந்து கீழே வர வேண்டும். தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எருமை குளத்தில் இறங்கிய மாதிரி இருக்கும். சும்மா ஊத போரடிக்கிறது என்று பாட்டு எதையாவது ம்ம்ம் என்று இழுப்பேன். இரண்டு மூன்று வாரமாகச் செய்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. அவர் ஹெட்ஃபோன் மாட்டும் நேரமாகப் பார்த்துத்தான் உள்ளே போகிறேன்.

அந்த வகையில் மூடின ஹெட்ஃபோன் வாங்கியது நல்லதாகப் போயிற்று.

மார்ச் 5, ஞாயிறு

தர்ஷிகா வீட்டுக்கு வந்தாள். பங்குனித் திருவிழாக் கச்சேரிக்கு ஒத்திகை. சாயங்காலம், கல்யாணசுந்தரம் சார் வாக்கிங் போகும் நேரமாகப் பார்த்து, ஹெட்ஃபோன் இல்லாமல்.

நான் கேசரி கிண்டினேன். முந்திரி போடவில்லை.

"அக்கா, எப்படி இருக்கீங்க? இளைச்சிட்டீங்க" என்றாள். இளைக்கவில்லை. பிறகு பாடினாள். மழைப் பாட்டேதான். இறக்காமல், படத்தில் உள்ள அதே சுருதியில், சிரமமே இல்லாமல், பல் தெரியச் சிரித்துக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டு வந்தாள். கரண்டியை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். திரையைப் பார்த்தேன். பூஜ்யம்.

பாடி முடித்து என்னிடம் வந்தாள். "அக்கா, ரெண்டாவது வரி முடிவுல நீங்க ஒரு வளைவு போடுவீங்களே, அது எனக்கு வரவே மாட்டேங்குது. சொல்லித் தாங்கக்கா."

"தண்ணி நெறையக் குடி" என்றேன்.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும்.

மார்ச் 6, திங்கள்

அவள் பூஜ்யத்தில் பாடுகிறாள் என்றால் மைனஸ் மூன்று யாருக்கு?

மார்ச் 7, செவ்வாய்

இன்னொருத்தி இருக்கிறாள்.

மார்ச் 9, வியாழன்

யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. தினமும் மத்தியானம் மைனஸ் மூன்று. தினமும் மழைப் பாட்டு. அதே சிரிப்பு, அதே மூடிய கண். எவளோ ஒரு கட்டைக்குரல்காரி. சிறுசாக இருக்க முடியாது, சிறுசுகளுக்கு இவ்வளவு இறக்கத் தேவையில்லை. தர்ஷிகாவையாவது கண்ணால் பார்க்கலாம், திட்டலாம், முந்திரி போடாமல் கேசரி கொடுக்கலாம். இவளை என்ன செய்வது?

சாதம் போடும்போது சாதாரணமாகக் கேட்டேன். "ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் புதுசா யாரும் வர்றாங்களா?"

புரையேறிவிட்டது அவருக்கு. தண்ணீர் குடித்துவிட்டு, "வந்தா நல்லாத்தான் இருக்கும். பாப்போம். அவங்க மனசு வைக்கணும்" என்றார்.

அவங்க! மரியாதை வேறு! மனசு வைக்கணுமாம்! எனக்கு ஒருநாள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதுண்டா இந்த மனுஷன்? நான் பாட்டை விட்டபோது, "உன் இஷ்டம்" என்று மட்டும்தானே சொன்னார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "வா சுகந்தி" என்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எவளுக்கோ காத்துக்கொண்டிருக்கத் தெரிகிறது. ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன். அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். குற்றமுள்ள நெஞ்சு வேறு எப்படிச் சாப்பிடும்?

மார்ச் 12, ஞாயிறு

அந்தப் பெரிய பின்னை எடுத்து அஞ்சறைப் பெட்டியில் பெருங்காயக் கட்டிக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்துவிட்டேன்.

பின் இல்லாமல் ஹெட்ஃபோன் மாட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பயிற்சி செய்யாமல் அவரால் ஒருநாள் இருக்க முடியாது. வாசித்தால் வெளியேதான் வாசித்தாக வேண்டும், எனக்குக் கேட்டாக வேண்டும். தெரிந்துவிடும், யாருடைய பாட்டு, எப்படிப் பாடுகிறாள் என்று. பாடகிக்கு ஏற்ற மாதிரிதான் கீபோர்டு வளையும், அதை வைத்தே அவள் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன்.

மத்தியானம் வந்தது. மேஜைக்கு அடியில், சோபா இடுக்கில், சட்டைப் பையில் தேடினார். "சுகந்தி, பெரிய பின்னு பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்?"

 பிறகு சத்தத்தைக் கடைசி வரைக்கும் குறைத்து வைத்துக்கொண்டு, கீழ்வீட்டுக்குக் கேட்காதபடி, கொசு முனகுகிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தார். நான் கதவோரம் நின்றேன். இரண்டாவது வரி முடிவில் விரல் நின்று ஒரு வளைவுக்கு வழி விட்டது. யாரோ அங்கே குரலை வளைக்கிறாள், என்னைப் போலவே. சரணத்துக்கு முன்னால் இசை முடிந்த பிறகும் கொஞ்சம் கூடுதலாக இழுத்தார், மூச்சு வாங்க. அவ்வளவு மூச்சு யாருக்குக் குறைச்சல்? நோயாளியா?

எனக்குத் தாங்கவில்லை. போய் முன்னால் நின்றேன்.

"யாருங்க அவ?"

விரல்கள் நின்றன. "எவ?"

"மைனஸ் மூணு."

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நெசமாத்தான் கேக்குறியா?"

"எத்தன நாளா நடக்குது இது?"

"ஒரு... ஒரு மாசமா இருக்கும்."

"வயசென்ன?"

"உன் வயசுதான்."

"நல்லாப் பாடுவாளோ?"

"முன்ன மாதிரி மேல போகல. ஆனா கீழ ஒரு கனம் வந்திருக்கு பாரு, அது முன்ன கெடையாது. எனக்குப் புடிச்சிருக்கு." சொல்லிவிட்டு, குரல் இறங்கி, "அது பாடிச்சின்னா மைனஸ் மூணுலதான் சரியா உக்காரும்னு நெனைக்கிறேன். கேட்டுப் பாக்கத்தான் பயம்."

"எங்க வெச்சுக் கேட்டீங்க அவ பாட்ட?"

"நம்ம வீட்டு பாத்ரூம்ல" என்றார்.

மார்ச் 13, திங்கள்

நேற்று மேலே எழுத முடியவில்லை. 

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். "ஒட்டுக் கேட்டீங்களா? மூடுன ஹெட்ஃபோன்தான வாங்கினோம்?" என்று கத்தினேன். டாக்டர் இருந்திருந்தால் ஓடியிருப்பார்.

"ஒரு காத வெளிய விட்டுத்தான வெச்சிருந்தேன். பாடுறவங்க கொரல் கேக்காம எவன் வாசிப்பான்? உனக்குத் தெரியாதா இது?"

தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறவன் ஒரு காதைப் பாடுகிறவருக்காகத் திறந்து வைப்பான். ஸ்டூடியோவில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். கடையில் அவர் ஏதாச்சும் பேசச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஆனால் எனக்கு ஃபோன்தான் கண்ணில் பட்டது, தர்ஷிகாதான் கண்ணில் பட்டாள். பொறாமை வந்துவிட்டால் படித்த பாடமெல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது.

அத்தோடு விட்டேனா? உள்ளே கிடந்ததை எல்லாம் எடுத்து வெளியே போட்டேன். "அன்னிக்கு மேடையில அவளுக்குக் கண்ணக் காட்டுனீங்களே. என்னப் பாத்தீங்களா?"

"நீ நின்னுட்ட. பாட்டு நிக்கக் கூடாதுல்ல."

"பாட்டுதான் ஒங்களுக்குப் பெருசு."

"ஆமா" என்றார். மழுப்பவில்லை. "நீ மட்டும் என்ன? அதுக்கு முன்னாடி ஒத்திகைல 'எனக்கு எட்டலங்க, எறக்குங்க'ன்னு ஒரு வார்த்த கேட்டியா? கேட்டிருந்தா எறக்கியிருப்பேன். நீ கேக்க மாட்ட. நானா எறக்குனா, எனக்கா எட்டாதுன்னு என்னத் தொலச்சிருப்ப. நான் என்னதான் பண்றது சொல்லு?"

 உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கட்டைக்குரல்காரி, நோயாளி, இன்னும் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன் அவளை. அவ்வளவும் எனக்கே.

மார்ச் 14, செவ்வாய்

நாள் பூராவும் பேசவில்லை. டாக்டர் கேட்டால் சந்தோஷப்படுவார்.

பின்னை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டேன். எடுத்தவர் முகர்ந்து பார்த்தார். "பெருங்காயம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாட்டினார். அவ்வளவுதான்.

மார்ச் 17, வெள்ளி

மத்தியானம். கீழே கல்யாணசுந்தரம் சார் தூக்கம். நான் சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் டொக் டொக். தூறல் மாதிரி நாலு தட்டு, இடைவெளி.

கத்தியை வைத்தேன். கூடத்துக்குப் போகவில்லை. சமையலறை வாசலிலேயே நின்று, "சுருதி குடுங்க" என்றேன்.

தலையைத் திருப்பவில்லை அவர். ஒயரைப் பிடுங்கினார், ஒரே ஒரு சுரத்தை ஸ்பீக்கரில் கொடுத்தார், மெதுவாக, நீளமாக. மறுபடி ஒயரை மாட்டிக்கொண்டார். வலது கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளினார். பிறகு டொக், டொக், டொக், டொக்.

எனக்கு இசை ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் மேல் விரல் விழும் சத்தமும் என் குரலும்தான். அதைப் பிடித்துக்கொண்டு பாடினேன். இவ்வளவு தாழ்வாக நான் பாடியதே இல்லை. வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்த மாதிரி பயமாக இருந்தது. பல்லவி போனது. இரண்டாவது வரியில் வளைவு வந்தது, தானாக வந்தது. சரணத்துக்கு முன் அவர் இடம் விட்டார், மூச்சு வாங்கிக்கொண்டேன். ஏறினேன். ஏறும் இடத்தில், அதே இடத்தில், குரல் உரசியது. உடையவில்லை. ஆனால் உரசியது. எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். நிறுத்திவிட்டேன்.

 அந்தப் பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார், கை கட்டைகள் மேல், ஒரு காது திறந்து. பரவாயில்லை என்று சொல்லவில்லை. நல்லாருக்கு என்றும் சொல்லவில்லை. ப்ளூடூத்துக்குச் சொன்னார், எனக்குச் சொல்லவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

தொண்டையைச் செருமினேன். அந்த வார்த்தை வெளியே வர நேரம் பிடித்தது.

"ஏங்க... இன்னும் ஒண்ணு எறக்குங்க."

பட்டனை அமுக்கினார். திரையில் மைனஸ் நான்கு. இந்தத் தடவை கடைசி வரைக்கும் பாடினேன். நறுக்கிய கத்தரிக்காய் கறுத்துப்போய்விட்டது.

பங்குனிக் கச்சேரியில் மழைப் பாட்டுக்குச் சீட்டு வந்தால் மைக் என் கைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தர்ஷிகா பின்னால் கோரஸ் பாடட்டும். அந்த வளைவைச் சொல்லித் தரச் சொல்லி இவரும் ஒருதரம் கேட்டுப் பார்த்தார்.

தரமாட்டேன்.